முன்னோரைத் தேடும்போது நேரும் பிழைகள்

குடும்ப வரலாற்றைத் தேடப் புறப்படுபவர்களில் பலர் முதலில் ஆவணக் காப்பகத்தின் வாசலில் போய் நிற்கிறார்கள். பதிவேடுகள் அடுத்த ஆண்டும் அங்கே இருக்கக்கூடும். வீட்டின் மூத்தவருடைய நினைவு அதுவரை காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், இந்தத் தேடலில் பின்னால் திருத்தவே முடியாத தவறு, பெரியவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போடுவதுதான்.

கேட்கும் முறையிலும் பிழை நேர்கிறது. "தாத்தா 1920இல்தானே பிறந்தார்?" என்று விடையையும் சேர்த்தே கேட்டால், பெரியவர் தலையசைத்துவிடுவார்; அந்தத் தலையசைப்பு அடுத்த தலைமுறைக்குச் சான்றாகிவிடும். தாத்தா பிறந்தபோது அவருடைய அக்காவுக்குத் திருமணம் ஆகியிருந்ததா, குடும்பம் வீடு மாறியது அதற்கு முன்பா பின்பா என்று நிகழ்ச்சிகளை ஒட்டிக் கேளுங்கள். ஆண்டு மறந்தவருக்கும் எது முந்தியது, எது பிந்தியது என்பது பெரும்பாலும் நினைவிருக்கும். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே குறித்து, எந்த நாளில் சொன்னார், நேரில் கண்டதா, கேள்விப்பட்டதா என்பதையும் பக்கத்தில் எழுதுவது அவசியம். ஒரே செய்தியை மூன்று உறவினர் சொல்கிறார்கள் என்று மகிழ்வதற்கு முன், மூவருக்கும் அதை ஒரே அத்தை சொல்லியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது ஒரே சாட்சியம்தான்.

எழுத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று கொள்வதும் அதே அளவு ஆபத்தானது. இறப்புப் பதிவில் இறந்த தேதி சரியாக இருக்கலாம். அதே தாளில் உள்ள வயதும் பெற்றோர் பெயரும், துயரத்திலிருந்த ஒருவர் நினைவிலிருந்து சொன்னவையாக இருக்கும். இங்கிலாந்தின் 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதும்படி அறிவுறுத்தியிருந்ததால், 59 வயதானவர் 55 என்று பதிவாகியிருக்கக்கூடும். அதே நாட்டில் 1752க்கு முன் ஆண்டுக் கணக்கு மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஆகவே 1740 பிப்ரவரி என்று எழுதப்பட்ட பிறப்பு இன்றைய கணக்கில் 1741 ஆகும். பதிவேடு எந்த விதிப்படி எழுதப்பட்டது என்று அறியாமல் தேதிகளைக் கூட்டிக் கழித்தால், மகனைவிடத் தந்தை இளையவராகிப் போவதும் உண்டு.

பெயர்தான் பலரையும் ஏமாற்றுகிறது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர்களின் பெயர்கள், எழுத்தரின் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் பதிவாயின. ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டல்களில் கிடக்கிறது. ஒரு வடிவத்தை மட்டும் தேடிவிட்டுக் கைவிடுவது எவ்வளவு தவறோ, பெயர் ஒத்துப்போன முதல் மனிதரையே பாட்டனாராக ஏற்பதும் அவ்வளவு தவறு. தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவையும் பொருந்துகின்றனவா என்று பார்த்தபின்பே உறவை எழுதவேண்டும். இணையத்தில் பிறர் வரைந்து வைத்த வம்ச மரத்தைச் சான்று பாராமல் படியெடுப்பதும் இந்த அவசரத்தின் விளைவே.

பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அப்படி ஒருவரே இருந்ததில்லை என்று முடிவுகட்டவும் கூடாது. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தால் இல்லாமற்போனது. 1922இல் அயர்லாந்தின் டப்ளின் ஆவணக் காப்பகம் அழிந்தபோது பல நூற்றாண்டுப் பதிவுகள் சாம்பலாயின. எந்தப் பதிவேட்டில், எந்த ஆண்டுகளுக்கு, எந்தெந்த எழுத்துக்கூட்டலில் தேடிக் கிடைக்கவில்லை என்பதையும் தேதியிட்டு எழுதி வையுங்கள்.