பெரிய டயர் உரசுகிறதா? லிஃப்ட் கிட் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பிக்கப்புக்குப் பெரிய டயரும் புது ரிம்மும் மாட்டிக்கொண்டு வந்த அன்றே, தெருமுனையில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தபோது 'சர்ர்' என்று சத்தம் வந்தது. மாட்டிய கடையிலேயே போய்க் கேட்டேன். "ரெண்டு இன்ச் லிஃப்ட் போட்டா சரியாயிடும் சார்" என்றார்கள். போட்டேன். வண்டி உயர்ந்தது, சத்தம் அப்படியே இருந்தது. உரசிய இடம் மேலே இல்லை, சக்கரத்துக்குப் பின்னால் மட்ஃபிளாப் பக்கம் இருந்தது. வண்டியை எவ்வளவு தூக்கினாலும் அந்த இடைவெளி அதிகமாகாது.

எங்கே உரசுகிறது என்று பார்க்காமலே மருந்து வாங்குவதுதான் முதல் தவறு. பார்ப்பது சுலபம். டயரின் ஓரத்திலும் பக்கச் சுவரிலும் சாக்பீஸைத் தாராளமாகத் தேயுங்கள். காலி மைதானத்தில் இடது பக்கம் முழுசாக ஒடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டுங்கள், பிறகு வலது பக்கம். இரண்டு திசையிலும் ஒருமுறை பிரேக் பிடியுங்கள்; பிரேக் பிடிக்கும்போது சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் நெகிழ்ந்து சக்கரம் கொஞ்சம் நகரும். அப்புறம் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வெள்ளைத் தடம் இருக்கும். ஏற்கெனவே பல நாள் உரசியிருந்தால் சாக்பீஸ்கூட வேண்டாம். சக்கரக் குழிக்குள் தூசி படிந்த பிளாஸ்டிக் லைனரில் ஒரு இடம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் பளபளக்கும், அதன் கீழ் விளிம்பில் ரப்பர் துகள் கறுப்பு மாவாக ஒட்டியிருக்கும்.

தடம் எந்த இடத்தில் என்பதை வைத்தே காரணம் தெரிந்துவிடும். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால், வலது சக்கரத்தின் பின் ஓரம் வெளியே வந்து மட்ஃபிளாப்பையும் ஃபெண்டரின் பின் பகுதியையும் தொடும். இடது சக்கரத்தின் முன் ஓரம் பம்பர் மூலைக்குப் போகும். அதன் பின் ஓரம் உள்ளே போய் சேஸிஸ் பக்கம் தொடும். நேராகப் போகும்போது, பள்ளத்தில் மட்டும் உரசினால்தான் அது மேல் பக்க உரசல்.

மேல் பக்க உரசலுக்குக்கூட லிஃப்ட் முழு மருந்தில்லை. சக்கரம் மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் இருக்கும் இடம் மாறாதவரை, பெரிய குழியில் சக்கரம் கடைசியாக ஏறும் உயரம் மாறாது. லிஃப்ட் போட்டால் அங்கே போய்ச் சேர அது கொஞ்சம் அதிக தூரம் ஏற வேண்டும், அவ்வளவுதான். உரசல் குறையும், நிற்காது.

பெரும்பாலும் உண்மையான குற்றவாளி ரிம்மின் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. நம் ஆட்கள் டயர் அளவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், ஆஃப்செட்டைக் கேட்கவே மாட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இசுசு வி-கிராஸ் பிக்கப் மாடல்கள் சிலவற்றில் வந்த 255/60 ஆர்18 டயரின் மொத்த உயரம் சுமார் 763 மி.மீ. பலரும் மாற்றும் 265/70 ஆர்17 சுமார் 803 மி.மீ. வித்தியாசம் 40, அதாவது ஆரத்தில் 20 மி.மீ. அகலம் 10 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 5. இப்போது அழகுக்காக ஆஃப்செட் 30 மி.மீ. குறைந்த ரிம் வாங்கினால், சக்கரம் முழுவதுமே 30 மி.மீ. வெளியே தள்ளிப்போகும். டயர் அகலத்தால் வெளியே வந்தது 5, ரிம்மால் வந்தது 30. வெளியே போன சக்கரம் ஒடிக்கும்போது இன்னும் பெரிய வட்டம் போடும். மட்ஃபிளாப்பிலும் பம்பரிலும் இடிக்காமல் என்ன செய்யும்? அதே டயரைக் கம்பெனி ஆஃப்செட்டுக்கு நெருக்கமான ரிம்மில் மாட்டினால் வெளிப்பக்க உரசல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதே காரணத்தால், எல்லா உரசலுக்கும் ஸ்பேசர் (ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளும் தட்டு) போடுவதும் தவறு. சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மிலோ சேஸிஸிலோ உள்பக்கம் தொட்டால் மெல்லிய ஸ்பேசர் உதவும். வெளிப்பக்கம் தொட்டால் அது நோயைக் கூட்டும். போட்டே ஆக வேண்டும் என்றால், நட்டு ஸ்டட்டில் எவ்வளவு ஆழம் பிடிக்கிறது என்று பாருங்கள். 12 மி.மீ. ஸ்டட் என்றால் குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். 50, 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சில் மறுபடி சரிபாருங்கள்.

வெட்டுவதில் அவசரம் வேண்டாம். மட்ஃபிளாப்பைக் கழற்றுவது, லைனரை ஹீட் கன்னால் சூடாக்கிப் பின்னால் அமுக்குவது, கடைசியாகப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவது, இதுதான் வரிசை. வெட்டும் முன் லைனரைக் கழற்றிப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். வயரிங், வாஷர் டேங்க் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். இரும்பை வெட்டினால் அன்றே பிரைமரும் பெயின்ட்டும் அடியுங்கள், ஒரு மழைக்காலம் போதும் துரு ஏற. பாடி மவுன்ட்டை வெட்டி வெல்டிங் வைப்பது கேபினைத் தாங்கும் இடத்தில் கை வைப்பது. மற்ற எல்லாம் தோற்றபின், கைதேர்ந்தவரிடம் மட்டும்.

வெட்டுவதற்கும் முன்னால் அலைன்மென்ட் இருக்கிறது. கடையில் டோ (சக்கரங்களின் முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிபார்த்து அனுப்பிவிடுவார்கள். காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) சரிசெய்யும் வசதி உள்ள வண்டியில், அளவு வரம்புக்குள் பாசிட்டிவ் காஸ்டரைக் கூட்டச் சொல்லுங்கள். கீழ் ஆர்மில் சரிசெய்தால் சக்கரம் சில மி.மீ. முன்னால் நகரும், மட்ஃபிளாப் பக்கம் இடம் கிடைக்கும். பல வண்டிகளில் இதுவே போதும். சக்கரம் திரும்புவதைத் தடுத்து நிறுத்தும் ஸ்டீயரிங் ஸ்டாப்பில் வாஷர் வைத்து ஒடிப்பைக் குறைக்கவும் முடியும். ஆனால் அப்புறம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, ஒரே வீச்சில் திரும்பிய இடத்தில் பின்னால் எடுத்துத் திரும்ப வேண்டியிருக்கும். மலைப் பாதையில் ஓட்டுபவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

காலி வண்டியில் மட்டும் சோதிப்பதும் ஏமாற்றும். முன்சக்கரம் ஒன்றை மேட்டில் ஏற்றி, பின்னால் சுமை வைத்து, ஸ்டீயரிங்கை ஒடித்துப் பாருங்கள். அந்த நிலையில் பிரேக் ஹோஸை (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயை) டயர் தொடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். தொட்டால் அந்த டயரோடு வண்டியை எடுக்காதீர்கள். டயரின் மேல்கட்டை (சாலையைத் தொடும் பகுதி) பிளாஸ்டிக்கில் எப்போதாவது உரசினால் பெரிய ஆபத்தில்லை. பக்கச் சுவர் இரும்பில் உரசினால் உள்ளே நூல் தெரியும்வரை தேயும், பிறகு வேகத்தில் வெடிக்கும். 'ஓடி ஓடிச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடாதீர்கள். காற்றைக் கூட்டி அடிப்பதும் தீர்வில்லை. சாலையில் பிடிப்பு குறையும்.

கம்பெனி டயரில் மீட்டர் சரியாகக் காட்டியிருந்தால், மேலே சொன்ன 265/70 ஆர்17 டயரில் அது 100 காட்டும்போது உண்மையான வேகம் சுமார் 105 இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. பெரிய சக்கரம் பெட்டிக்கு அடியில் ஏறாததால் பழையதையே விட்டுவைப்பார்கள். பின் டயர் பஞ்சரானால் அதை நேரே பின்னால் மாட்ட வேண்டாம், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்க வேண்டிவரும். முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டுங்கள். ஃபோர் வீல் டிரைவைத் தொடாமல், மெதுவாகப் பஞ்சர் கடைவரை ஓட்டுங்கள்.