பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் தகராறு வந்தால்: ஊராட்சித் தேர்தலில் சட்டப்படி செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கான இடங்களை மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐம்பது விழுக்காடாக உயர்த்தும் சட்டத்திருத்தம் 2016இல் வந்தது. அதன் பிறகு ஒதுக்கீட்டுத் தகராறுகளும் பெருகின. இவ்வழக்குகளில் பலவும் நியாயம் இல்லாததால் அல்ல, தவறான கட்டத்தில் தவறான இடத்தில் தொடுக்கப்படுவதால்தான் தோற்கின்றன. எனவே, தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டதா இல்லையா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அறிவிப்பு வரவில்லை என்றால், மாவட்ட அரசிதழில் வெளியான ஒதுக்கீட்டு அறிவிக்கையை வாங்கிக் கணக்கைச் சரிபாருங்கள். பன்னிரண்டு வார்டுகள் உள்ள ஓர் ஊராட்சியில் பெண்களுக்கு ஆறு வார்டுகள். பட்டியல் சாதியினருக்கு நான்கு வார்டுகள் இருந்து, அவற்றில் இரண்டு அச்சமூகப் பெண்களுக்கு என்றால், அந்த இரண்டும் இந்த ஆறுக்குள்ளேயே அடங்கும். பொதுப்பிரிவுப் பெண்களுக்கு மீதம் நான்கு. இரண்டையும் தனியே கூட்டி எட்டாக்கியிருந்தாலோ, அவற்றைக் காட்டாமல் விட்டிருந்தாலோ அதுவே உங்கள் முதல் ஆட்சேபம். அடுத்து, முந்தைய தேர்தல்களின் அறிவிக்கைகளை அருகில் வைத்துச் சுழற்சி முறை பின்பற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பட்டியல் சாதி வார்டுகள் மக்கள்தொகை விழுக்காட்டின் இறங்குவரிசையில் தேர்வாகின்றன என்பதால், வார்டுவாரி மக்கள்தொகைக் கணக்கும் கையில் இருக்க வேண்டும். இக்கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதிலுக்கு முப்பது நாள் வரை ஆகலாம். அதற்காகக் காத்திராமல் அன்றே மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். பின்னர் உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், காலத்தோடு விழித்துக்கொண்டீர்கள் என்பதற்கு அந்தச் சீட்டே சான்று.

ஆட்சேபத்துக்குப் பலன் இல்லையென்றால் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அதிகாரிகளின் ஆணையை நேரடியாக எதிர்க்கும் மனு) தாக்கல் செய்யலாம். ஆனால் 243ஓ உறுப்பு, வார்டு வரையறையிலும் இட ஒதுக்கீட்டிலும் நீதிமன்றங்கள் தலையிடுவதற்குக் கடுமையான தடை விதிக்கிறது. நகராட்சிகளுக்கு அதே தடை 243இசட்ஜி உறுப்பில் உள்ளது. ஆகவே மனுவின் கோரிக்கையை எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. அறிவிக்கையில் எந்த எண் வார்டு, எந்த விதிக்கு மாறாக ஒதுக்கப்பட்டது என்று குறிப்பிட்டு, அதை மட்டும் திருத்தும்படி கேளுங்கள். தேர்தலையே நிறுத்தும்படி கேட்காதீர்கள். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல், பழங்குடியினர் ஒதுக்கீட்டில் குறை உண்டு என்று தி.மு.க. தொடுத்த வழக்கில் ரத்தானது. குறை உண்மையானதாகவே இருந்தாலும், ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும் நடந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளும் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். ஐம்பது விழுக்காடு கிடைத்த பெண்கள் ஒருவர்கூட அவையில் உட்காரவில்லை. இதை நான் மிகப் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நிலைமை வேறு. வேட்புமனு நிராகரிக்கப்பட்டதும் உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவது இயல்பே. ஆனால் நாமக்கல் தொகுதியில் மனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமியின் வழக்கில் 1952இலேயே, தேர்தல் முடிந்த பின் தேர்தல் மனு மூலமாகத்தான் அதை எதிர்க்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊராட்சித் தேர்தலுக்கு, 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 258ஆம் பிரிவின்படி, முடிவு வெளியான 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் அம்மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். கால தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நிராகரிப்பு ஆணையின் சான்றிட்ட நகலை வேட்புமனுப் பரிசீலனை நாளிலேயே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பட்டியல் சாதிப் பெண்களுக்கான இடங்களில் அடிக்கடி எழும் கேள்வி சாதிச் சான்றிதழ் பற்றியது. பிற சமூகத்தில் பிறந்த பெண், பட்டியல் சாதி ஆணை மணந்ததால் மட்டும் அந்த இடத்துக்குத் தகுதி பெறமாட்டார். சாதி பிறப்பால் வருவது என்றே நீதிமன்றங்கள் தொடர்ந்து கூறிவந்துள்ளன. எனவே, சான்றிதழில் தந்தையின் பெயரும் சமூகமும் சரியாக உள்ளனவா என்று மனு போடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெற்றி பெற்ற பிறகு வரும் தொல்லையே பல பெண் தலைவர்களுக்குக் கடினமானது. ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்கீழ்த் தலைவரைப் பதவி நீக்கும் நடவடிக்கை, ஆட்சியர் அனுப்பும் விளக்கம் கேட்கும் நோட்டீஸுடன் தொடங்குகிறது. அதற்குக் கணவரோ ஊராட்சிச் செயலரோ எழுதித் தரும் பொதுவான மறுப்பில் கையெழுத்துப் போட வேண்டாம். குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் எதிராகத் தீர்மான எண், ரசீது, வங்கிக் கணக்குப் பதிவு ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தனித்தனியே பதில் எழுதி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் நீக்கப்பட்ட பெண் ஊராட்சித் தலைவர் ஒருவரை, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் பதவியில் அமர்த்தியது. ஒரு பெண் தலைவராவதை ஊரார் ஏற்க முடியாததே அந்நடவடிக்கையின் பின்னணி என்று அது கண்டறிந்தது. அத்தீர்ப்பின் நகலை உங்கள் வழக்கறிஞர் பதிலோடு இணைத்துத் தருவது பயன் தரும். விளக்கத்துக்குக் கொடுத்த அவகாசம் போதவில்லை என்றால், அது முடிவதற்கு முன்பே எழுத்துமூலம் கூடுதல் நாள் கேட்டு, அதற்கும் ஒப்புகை வாங்குங்கள்.