கென்யாவில் காணி வாங்க முதல்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து கென்யாத் தேயிலைத் தொழிலுக்குப் போகிறவர்கள் அங்கே காணி வாங்க நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது 2010 அரசியலமைப்பின் 65ஆம் உறுப்புரை. வெளிநாட்டவருக்கு ஆகக்கூடியது 99 வருடக் குத்தகைதான். உறுதியில் அறுதிச் சொத்து, அதாவது காலவரையில்லாத முழு உரிமை, என்றே எழுதியிருந்தாலும் சட்டம் அதை 99 வருடக் குத்தகையாகவே கணக்கெடுக்கும்.

கெரிச்சோவில் தேயிலைக் காணி மலிவாக வருகிறதென்று முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். விவசாயக் காணி விற்பனைக்குக் காணிக் கட்டுப்பாட்டுச் சபையின் சம்மதம் வேண்டும். வாங்குபவர் வெளிநாட்டவரென்றால் சபை மறுத்தே ஆகவேண்டும். சம்மதமில்லாத ஒப்பந்தம் செல்லாது.

நகரத்து வீடென்றால், நம்மூரில் நொத்தாரிசு தேடிப் பார்ப்பதுபோல அங்கும் ஒரு சட்டத்தரணியை வைத்துக் காணிப் பதிவகத்தில் தேடுங்கள். உரிமையாளர் பெயர், மிச்சக் குத்தகை வருடங்கள், ஈடு, தடை எல்லாம் அதில் தெரியும். விற்பவர் காட்டும் நகலை நம்ப வேண்டாம். கைமாற்றத்துக்கான முத்திரை வரி நகரத்தில் 4 வீதம், கிராமத்தில் 2 வீதம், கட்டுவது வாங்குபவர்.