கிராமப்புற கவுண்டியில் வாடகை வீடு: எனக்குக் கைகொடுத்த வழி

அமெரிக்கக் கிராமப்புறங்களில் வீடு தேடுகிறவர்கள் முதலில் வவுச்சருக்குத்தான் (வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் உதவிச் சீட்டு) ஓடுகிறார்கள். அந்த வரிசை ஆண்டுக்கணக்கில் நீளும். எனக்கு உதவியது விவசாயத் துறைக் கடனில் கட்டிய சிறு அடுக்ககங்கள், அதாவது செக்‌ஷன் 515. விண்ணப்பத்தை அந்தந்தக் குடியிருப்பின் மேனேஜரிடமே கொடுக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை என்பதால் பக்கத்துக் கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் போன்றவை) பதிந்துவைக்கலாம்.

போனில் முதலில் கேட்கவேண்டியது: "செக்‌ஷன் 521 வாடகை உதவி உள்ள வீடுகள் எத்தனை?" அது இருந்தால், கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் 30 சதவீதம்தான் நம் பங்கு, கரண்ட், தண்ணீருக்கான மதிப்பீடும் அதற்குள் அடக்கம். இல்லாவிட்டால் குறைந்தபட்சம் அடிப்படை வாடகை, அதாவது அந்த வீட்டுக்கு நிர்ணயித்த மிகக் குறைந்த வாடகை, முழுக்க நம் தலையில்தான். குழந்தைப் பராமரிப்புச் செலவும், முதியவர்களின் மருத்துவச் செலவில் வருமானத்தின் குறிப்பிட்ட பங்கைத் தாண்டும் பகுதியும் வருமானத்திலிருந்து கழியும், ஆனால் ரசீது வேண்டும். பலர் இதைக் கொடுக்காமலே அதிக வாடகை கட்டுகிறார்கள்.

கட்டடக் கடன் எந்த ஆண்டு முடிகிறது என்றும் கேளுங்கள். கடன் தீர்ந்தால் பொதுவாக இந்த உதவியும் நின்றுவிடும்.

வரிசையிலிருந்து பெயர் நீக்கப்படுவது பெரும்பாலும் பதில் போடாத கடிதத்தால்தான். முகவரி மாறினால் எழுத்தில் தெரிவித்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவசர வாடகை உதவிக்கு 211 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.