ரைட் சகோதரர்களின் 1903 எஞ்சினைக் கிளப்புவது எப்படி

முதல் விமானத்தைப் பறக்கவைத்த அந்த எஞ்சினுக்கு அசல் அளவிலேயே செய்த மாதிரி ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் பழகிய எதையும் இதில் தேடாதீர்கள். கார்புரேட்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, பெட்ரோலுக்கோ தண்ணீருக்கோ பம்பும் இல்லை. 4 அங்குல விட்டமுள்ள நான்கு சிலிண்டர்கள் வரிசையாகப் படுத்திருக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவின் டேட்டன் நகரில் சகோதரர்களின் சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் செய்து முடித்தது இதன் அசல். பறக்கும்போது வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது, அதனால் எல்லாவற்றையும் தரையிலேயே சரிபார்த்துவிட வேண்டும்.

தண்ணீரில் தொடங்குங்கள். முன்புறம் செங்குத்தாக நிற்கும் தகர ரேடியேட்டரை நிரப்புங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகப் போக, மேலிருந்து புதுத் தண்ணீர் தானாக இறங்கும்.

அப்புறம் உள்ளிழுக்கும் வால்வுகள். இவற்றைத் தள்ளித் திறக்கும் மேடுள்ள சக்கரம், அதாவது கேம், கிடையாது, பிஸ்டனின் உறிஞ்சல்தான் திறக்கும். விரலால் அழுத்தி விடுங்கள், சட்டென்று துள்ளி மூட வேண்டும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் அந்த சிலிண்டர் வேலை செய்யாது. சிலிண்டருக்குள் இருக்கும் தீப்பொறி முனைகளையும் துடைத்துவிடுங்கள், அந்த இரண்டும் தொட்டுப் பிரியும்போதுதான் பொறி வரும்.

பெட்ரோல் சொட்டும் இடத்தை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். 1903 பிப்ரவரி 13 அன்று சோதனை ஓட்டத்தில் பெட்ரோல் பேரிங்குகளில் சொட்டி, அவை இறுகி, அலுமினிய உடலே உடைந்துபோனது. புது வார்ப்பு வந்து சேர ஏப்ரல் ஆகிவிட்டது.

சரி, இனி கிளப்பலாம். பொறி சற்றுத் தாமதமாக வரும்படி லீவரை வையுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். உள்ளிழுக்கும் வழியில் சில சொட்டு பெட்ரோல் விட்டு, கிளப்பும்போது பொறிக்கு மின்சாரம் தரும் பேட்டரி, காயில் உள்ள பெட்டியை இணையுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு புரொப்பெல்லரை ஒரே நேரத்தில் இழுத்துவிட்டு உடனே விலக வேண்டும். இரண்டும் எதிரெதிர் திசையில் சுற்றும் என்பதால் யார் எந்தப் பக்கம் விலகுவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஓடத் தொடங்கியதும், எஞ்சின் சுற்றும்போதே பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவுக்கு மாற்றிவிட்டுப் பெட்டியைக் கழற்றுங்கள். முதல் சில நொடிகள் 16 குதிரைத்திறன் வரும், சூடேறியதும் 12க்கு இறங்கிவிடும். பழுது என்று பதறாதீர்கள், உள்ளே போகும் காற்று சூடாகி லேசாவதால் அப்படி ஆகிறது. முதல் விமானம் பறந்ததும் அந்த 12இல்தான்.

நிறுத்த, பெட்ரோலை மூடினால் போதும்.