ஒரு சமூகத்தின் நினைவைப் படமெடுக்கத் தொடங்குவது எப்படி?

முதலில் பொருளைச் சுருக்கிக்கொள்ளுங்கள். 'எங்கள் மக்களின் பண்பாடு' என்று தொடங்கினால் எதை எடுப்பது, எதை விடுவது என்றே விளங்காது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் தம்முடன் கொண்டுவந்த பொருள்கள் என்ற அளவுக்காவது அது குறுக வேண்டும்.

அடுத்து, கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு சிலமுறை சென்று பேசுங்கள். படங்கள் எங்கே வெளியாகும், பின்னாளில் ஒருவர் வேண்டாமென்றால் என்ன செய்வீர்கள் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லி அனுமதி பெறுங்கள்.

மூன்றாவது படியே இந்தப் பணியின் உயிர்நாடி. கடந்த காலத்தைப் படமெடுக்க இயலாது. பழைய ஆல்பமும், அதைப் புரட்டும்போது ஒருவர் சொல்பவையும்தான் அதற்குக் கிடைக்கும் வழி. ஆகவே அவருடைய சம்மதத்துடன் பேச்சைக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். பழைய படங்களை நகலெடுக்கையில் ஃபிளாஷைத் தவிர்த்துவிடுங்கள். பளபளப்பான தாளில் அது வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும். நேர்வெயில் படாத சன்னலோரத்தில் படத்தைக் கிடத்தி, லென்ஸ் அதற்கு நேர் மேலே இருக்குமாறு எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். ஸ்டுடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலால் எழுதிய பெயர் ஆகியவை பின்புறத்தில் இருக்கக்கூடும் என்பதால் அதையும் நகலெடுங்கள். ஆனால் ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்காதீர்கள்.

பிறகு உருவப்படங்கள். ஆளோடு அவருடைய அறையும் பொருள்களும் தெரிய 35 மி.மீ. லென்ஸ் ஏற்றது. கைகளையும் பொருள்களையும் அண்மையில் தனியே எடுங்கள்.

படங்களுக்குக் குறிப்பு எழுதுவதைத் தொடக்கநிலையினர் பெரும்பாலும் தள்ளிப்போடுகிறார்கள். 1936-இல் கலிபோர்னியாவில் டோரதியா லாங் என்ற புகைப்படக் கலைஞர் ஒரு தாயை எடுத்த புகழ்பெற்ற படத்தோடு வந்த குறிப்பில் அவருடைய வயதும் குழந்தைகளின் எண்ணிக்கையும் இருந்தன, பெயர் இல்லை. அந்தத் தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர் அமெரிக்காவின் செரோக்கிப் பழங்குடி வழிவந்தவர் என்பதையும் அந்தக் குறிப்பிலிருந்து எவரும் அறிந்திருக்க முடியாது. எனவே பெயர், இடம், தேதி, தம்மை எந்தச் சமூகத்தவராகப் படத்தில் இருப்பவர் சொல்லிக்கொள்கிறார் என்பவற்றை அன்றைக்கே, அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். கோப்பிலேயே இருக்கும் ஐபிடிசி தகவல் பகுதியில் இவற்றைச் சேர்த்தால், படம் கைமாறும்போது குறிப்பும் உடன் செல்லும். சில சமூக வலைத்தளங்கள் அதை நீக்கிவிடுவதால் குறிப்பின் தனிப் பிரதியும் அவசியம். பெயரை மறைக்கச் சொன்னவர்களின் விவரத்தைக் கோப்பில் சேர்க்காதீர்கள்.

வெளியிடும் முன், தேர்ந்த படங்களை அச்சிட்டு உரியவர்களிடம் காட்டி, குறிப்புகளை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் சேர்த்த பின்பே படவரிசையை முடிவுசெய்யுங்கள்.