ஐரோப்பாவின் தீவிர வலதுசாரிகள்: எழுதும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஐரோப்பாவில் எங்கேனும் தேர்தல் முடிவு வந்த மறுநாள் ‘தீவிர வலதுசாரிகள் திடீர் எழுச்சி’ என்றொரு தலைப்பு நம் பக்கங்களில் தவறாமல் வரும். 1984இல் பிரான்சில் எழுந்தார்கள். 1999இல் ஆஸ்திரியாவில் எழுந்தார்கள். 2002இல் மறுபடி பிரான்ஸ், 2017இல் ஜெர்மனி, 2023இல் நெதர்லாந்து. நாற்பது ஆண்டுகளாக ஒருவர் எழுந்துகொண்டே இருக்கிறார் என்றால், அவர் படுத்திருந்தது எப்போது என்று கேட்க வேண்டாமா? வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் தருகிற வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அந்தத் தலைப்பை நானும் கொடுத்திருக்கிறேன். இனி வரும் தவறுகளில் பாதி என்னுடையவை.

முதலில் அந்தத் ‘திடீர்’ என்ற சொல்லை எடுத்துவிடலாம். முசோலினியின் கடைசி ஆட்சியில் பதவியில் இருந்தவர்கள் ‘இத்தாலிய சமூக இயக்கம்’ என்ற கட்சியைத் தொடங்கியது 1946 டிசம்பரில். போர் முடிந்து இருபது மாதம்கூட ஆகவில்லை. அதன் சின்னம் மூவண்ணச் சுடர். கட்சி பெயர் மாறியது, உடைந்தது, வேறு உருவில் முளைத்தது. 2022இல் ஜார்ஜா மெலோனி பிரதமரானபோது அவருடைய கட்சிச் சின்னத்தில் எரிந்துகொண்டிருந்தது அதே சுடர்தான். மேற்கு ஜெர்மனியில் நாஜிகளின் வாரிசு என்பதை மறைக்கக்கூட முயலாத சோஷலிச ரைக் கட்சி, 1951இல் லோயர் சாக்சனி மாநிலத் தேர்தலில் 11 சதவீத வாக்கு வாங்கியது. மறு ஆண்டே அரசமைப்பு நீதிமன்றம் அதைத் தடை செய்தது. கதையை 2015இன் சிரிய அகதிகளிடமிருந்து தொடங்குகிறவர்கள் இந்த எழுபது ஆண்டுகளையும் விட்டுவிடுகிறார்கள். அதைவிட மோசம், அகதிகள் வந்ததால்தான் வெறுப்பு வந்தது என்ற அந்தக் கட்சிகளின் வாதத்தையே தங்களை அறியாமல் ஒப்பித்துவிடுகிறார்கள்.

‘நாஜி’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது

இதற்கு நேர் எதிரான சறுக்கலும் உண்டு. எல்லாரையும் ‘நவநாஜிகள்’ என்று ஒரே சாக்கில் கட்டிவிடுவது. வம்சாவளியைப் பார்த்தால் அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1956இல் தொடங்கிய ஆஸ்திரிய சுதந்திரக் கட்சியின் முதல் தலைவர் அன்டோன் ரைன்டாலர், நாஜிக் கட்சியின் துணைப்படையான எஸ்.எஸ்.இன் முன்னாள் அதிகாரி. 1972இல் ஜான் மரி லு பென் தலைமையில் தொடங்கிய பிரான்சின் தேசிய முன்னணியின் முதல் பொருளாளர் அந்த எஸ்.எஸ்.இன் போர்ப்பிரிவான வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்தவர். ஆனால் வாக்காளர் உள்ளே வந்த வாசல் பெரும்பாலும் வேறு.

லு பென் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்குப் போனது 1956 ஜனவரியில், 27 வயதில். அவரைக் கொண்டுபோனது பியர் புஜாத் என்ற ஸ்டேஷனரி கடைக்காரரின் இயக்கம். சன் செரே என்ற சிற்றூரில் வரி அதிகாரிகள் கணக்கேட்டைப் பார்க்க வந்தபோது கடைக்காரர்களைத் திரட்டி அவர்களைத் திருப்பி அனுப்பியதில் தொடங்கிய இயக்கம் அது. சிறு கடைக்காரர்களின் வரிக் கோபம் என்றே அது பரவியது. யூதரான முன்னாள் பிரதமர் மென்டஸ் பிரான்ஸ் மீதான வசை கூடவே வந்தது. டென்மார்க்கில் மோகன்ஸ் கிளிஸ்ட்ருப் என்ற வரி வழக்கறிஞர், தான் ஒரு காசு வரி கட்டுவதில்லை என்று தொலைக்காட்சியில் பெருமையாகக் காட்டி, 1973 தேர்தலில் 15.9 சதவீதம் வாங்கினார். பாதுகாப்பு அமைச்சகத்தை மூடிவிட்டு, ‘சரணடைகிறோம்’ என்று ரஷ்ய மொழியில் சொல்லும் பதிவுக் கருவி ஒன்றைத் தொலைபேசியில் மாட்டினால் போதும் என்றவர் அவர். சிரித்துக்கொண்டே வாக்களித்தார்கள். முஸ்லிம்களைப் பற்றிய நஞ்சை அவர் கொட்டியது பிறகு, எண்பதுகளில். 2013இல் ‘ஜெர்மனிக்கான மாற்று’ கட்சியைத் தொடங்கியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் யூரோ நாணயத்தை எதிர்த்த பொருளாதாரப் பேராசிரியர்கள்.

இங்கே ஒரு சொல் சிக்கல் வேறு. ‘பாப்புலிசம்’ என்றால் நம் பொருளாதாரப் பக்கங்களில் இலவச மிக்சி, கிரைண்டர், கடன் தள்ளுபடி. ஐரோப்பியச் செய்தியில் அந்தச் சொல் வந்ததும் ‘கவர்ச்சித் திட்டங்களை அறிவிக்கும் கட்சி’ என்று மொழிபெயர்த்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிளிஸ்ட்ருப் எதையும் இலவசமாகத் தருவதாகச் சொல்லவில்லை. அரசையே பாதி மூடிவிடுவதாகச் சொன்னார். அங்கே அந்தச் சொல்லின் பொருள், ‘நல்ல மக்கள் இந்தப் பக்கம், அவர்களை ஏய்க்கும் மேல்தட்டு அந்தப் பக்கம், இவர்களுக்காகப் பேச நான் ஒருவன்தான்’ என்கிற பேச்சு. அந்த ‘மக்கள்’ பட்டியலில் யார் இல்லை என்று சொல்லும் இடத்தில்தான் இனவெறி உள்ளே வருகிறது.

தோல் நிறத்தை மட்டும் பார்ப்பது

வெள்ளையர், கறுப்பர் என்ற பாகுபாட்டோடு நின்றுவிடுகிறவர்கள் 1970 ஜூன் 7ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் நடந்த வாக்கெடுப்பைப் படிக்க வேண்டும். ஜேம்ஸ் ஷ்வார்ட்சன்பாக், சூரிச்சின் பணக்காரத் தொழிலதிபர் குடும்பத்துப் பிள்ளை. தேசிய நடவடிக்கை என்ற சிறு கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே உறுப்பினர். மாநிலத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் இருக்கக்கூடாது (ஜெனீவாவுக்கு மட்டும் விலக்கு) என்று அவர் முன்மொழிந்தார். நிறைவேறியிருந்தால் லட்சக்கணக்கானவர்கள் மூட்டை கட்டியிருக்க வேண்டும். அவர்கள் யார்? பெரும்பாலும் இத்தாலியர். வெள்ளைத் தோல், கிறிஸ்தவ மதம், பக்கத்து நாடு. அணை கட்டவும் சுரங்கம் தோண்டவும் தெருவில் தார் போடவும் சுவிஸ் அரசே வரவழைத்தவர்கள். 1965இல் மட்மார்க் அணை கட்டுமானத் தளத்தில் பனிப்பாறை சரிந்து இறந்த 88 பேரில் 56 பேர் இத்தாலியர்.

பருவத் தொழிலாளர் என்ற அனுமதியில் வந்தவர்கள் ஆண்டுக்கு ஒன்பது மாதம்தான் தங்கலாம். குடும்பத்தை அழைத்து வரக்கூடாது. சிலர் பிள்ளைகளை ஒளித்து அழைத்து வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன பிறகு, திரை இழுத்த அறையில் நாள் முழுக்க அந்தப் பிள்ளை தனியாக இருக்கும். சத்தம் போடாதே, ஜன்னல் பக்கம் போகாதே, கதவு தட்டினால் திறக்காதே. பள்ளிக்கூடம் கிடையாது. அலமாரிக் குழந்தைகள் என்று பிற்காலத்தில் அவர்களைக் குறிப்பிட்டார்கள். அவர்களில் சிலர் நரைத்த தலையோடு இப்போதுதான் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

பெரிய கட்சிகள், தொழிற்சங்கங்கள், முதலாளிகள் என்று எல்லோரும் எதிர்த்தும் 46 சதவீதம் பேர் ஷ்வார்ட்சன்பாக்குக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். பேர் என்றால் ஆண்கள். அங்கே பெண்களுக்கு வாக்குரிமை வந்தது மறு ஆண்டுதான். எண்பதுகளில் இலங்கைத் தமிழ் அகதிகள் போய்ச் சேர்ந்தபோது சந்தேகப் பார்வை அவர்கள் பக்கம் திரும்பியது. உணவகச் சமையலறைகளில் இடம்பிடித்த பிறகு ‘உழைப்பாளிகள்’ என்று பேர் வாங்கினார்கள். அதற்குள் இத்தாலியர் ‘நம்மவர்’ ஆகிவிட்டிருந்தனர். அவர்களின் தோல் நிறமோ மாறவே இல்லை.

இடங்களை எண்ணிவிட்டு நிம்மதி அடைவது

நான் பெரிதாக நினைக்கும் தவறு இது. ‘தோற்றார்கள்’ என்று எழுதி முடித்துவிடுவது.

ஷ்வார்ட்சன்பாக் தோற்றார். ஆனால் வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்பே, அவருடைய காற்றைப் பிடுங்குவதற்காக, வெளிநாட்டுத் தொழிலாளர் எண்ணிக்கைக்கு நாடு தழுவிய உச்சவரம்பை அரசே கொண்டுவந்துவிட்டது. பிரிட்டனில் 1967இல் தொடங்கிய தேசிய முன்னணி ஒரு நாடாளுமன்ற இடம்கூட ஜெயித்ததில்லை. 1979 தேர்தலில் 300க்கும் மேற்பட்ட தொகுதிகளில் நின்று போட்டியிட்ட இடங்களில் சராசரியாக ஒன்றரை சதவீதம்கூடத் தேறவில்லை. கதை முடிந்தது என்று எழுதலாம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில், வேறு பண்பாட்டினரால் இந்த நாடு மூழ்கடிக்கப்படும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள் எனத் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னவர், அந்தத் தேர்தலில் வென்று பிரதமரான கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர். முன்னணியின் வாக்காளர்கள் எங்கே போனார்கள் என்று தேட வேண்டியதில்லை.

இது வலதுசாரிகளின் வழக்கம் மட்டுமல்ல. 1968இல் கென்யாவிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வந்துகொண்டிருந்த இந்திய வம்சாவளியினரைத் தடுக்கும் சட்டத்தை மூன்றே நாளில் நாடாளுமன்றத்தில் தள்ளிக்கொண்டுபோனது தொழிற்கட்சி அரசு. குடியேற்றத்துக்கு எதிராகக் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஈனாக் பவல் பேசிய பேர்போன பர்மிங்ஹாம் பேச்சு வந்தது அதற்குப் பிறகு, ஏப்ரல் 20ஆம் தேதி. பவலை மறுநாளே அக்கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். சட்டத்தை யாரும் நீக்கவில்லை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த இலங்கைத் தமிழர்கள் உடைகளைக் களைந்து போராடினார்கள். அதே ஆண்டு வந்தது விசா இல்லாத பயணி ஒருவருக்கு விமான நிறுவனம் 1,000 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும் என்ற சட்டம். இந்த இரண்டு சட்டங்களுக்கும் கைதூக்கிய அவையில் தீவிர வலதுசாரிக் கட்சிகளுக்கு உறுப்பினரே இல்லை.

எண்ணிக்கை இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். 1993 செப்டம்பரில் கிழக்கு லண்டனின் மில்வால் வார்டு இடைத்தேர்தலில் பிரிட்டிஷ் தேசியக் கட்சி 7 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. அக்கட்சிக்குக் கிடைத்த முதல் கவுன்சிலர் இடம். வங்கதேசக் குடும்பங்களுக்கு மாநகராட்சி வீடு ஒதுக்கப்படுவதுதான் அங்கே பேச்சு. எட்டு மாதம் கழித்து அந்த இடத்தை இழந்தது. ஆனால் அவர்களுடைய வேட்பாளருக்கு விழுந்த வாக்குகள் கூடியிருந்தன! எதிராகத் திரண்டு வந்து வாக்களித்தவர்கள் அதைவிட அதிகம், அவ்வளவுதான். ‘வெறுப்பை நிராகரித்தது மில்வால்’ என்று தலைப்பு போட்டால் பாதி உண்மை.

தீ வைத்த பிறகு காரணம் தேடுவது

கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் லிஷ்டன்ஹாகன் குடியிருப்பு. சுவரில் பெரிய சூரியகாந்திப் பூக்கள் பதித்த பதினொரு மாடிக் கட்டடம். 1992 கோடையில் அங்கிருந்த புகலிட அலுவலகத்தில் இடம் போதாமல், ருமேனியாவிலிருந்து வந்த ரோமா என்ற சிறுபான்மை இனத்துக் குடும்பங்கள் வாரக்கணக்கில் வாசல் புல்தரையில் படுத்துக் கிடந்தன. கழிப்பறைகூட ஏற்பாடு செய்யவில்லை. பிறகு ‘அசிங்கம் பண்ணுகிறார்கள்’ என்று புகார். ஆகஸ்ட் 22இல் கல்வீச்சு தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் சுற்றி நின்று கை தட்டினார்கள். பீரும் சாசேஜும் விற்கும் கடைகளும் முளைத்துவிட்டன.

24ஆம் தேதி புகலிடம் கேட்டவர்களை எல்லாம் பஸ்களில் ஏற்றி வேறிடம் கொண்டுபோய்விட்டார்கள். அன்று இரவுதான் கூட்டம் கட்டடத்துக்குத் தீ வைத்தது. உள்ளே இருந்தவர்கள் வியட்நாமியர். பழைய கிழக்கு ஜெர்மனி ஒப்பந்தத் தொழிலாளர்களாக வரவழைத்து, பல ஆண்டுகளாக அதே குடியிருப்பில் இருந்தவர்கள். போலீஸ் பின்வாங்கியிருந்தது. நூறு பேருக்கு மேல், ஒரு தொலைக்காட்சிக் குழுவினரும் சேர்த்து, மொட்டைமாடி வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தப்பினார்கள். யாரும் சாகவில்லை என்பது அதிசயம்.

‘அகதிகள் பெருகியதால் ஆத்திரம்’ என்று எழுதுகிறவர்கள் அந்த இரவில் அகதிகளே அங்கு இல்லை என்பதைக் கவனிப்பதில்லை. ஆனால் ஜெர்மனியின் பெரிய கட்சிகள் அந்த விளக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டன. 1993 மே 26ஆம் தேதி ஆளுங்கட்சிகளும் எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு அரசமைப்பின் புகலிட உரிமையைச் சுருக்கின. மூன்று நாள் கழித்து சோலிங்கன் நகரில் துருக்கியக் குடும்பம் ஒன்றின் வீடு கொளுத்தப்பட்டது. இறந்த ஐவரும் பெண்களும் சிறுமிகளும். அவர்கள் புகலிடம் கேட்டு வந்தவர்கள் அல்லர்.

யாருடைய சொல்லை எழுதுகிறோம்

ரோஸ்டாக்கை நான் அந்நாளில் ‘இனக்கலவரம்’ என்றுதான் எழுதினேன். கலவரம் என்றால் இரண்டு தரப்பு. 1983 ஜூலையைக் கலவரம் என்று யாராவது எழுதினால் நமக்கு எங்கே சுடும் என்று தெரியும். ரோஸ்டாக்குக்கு அது தோன்றவில்லை. ‘அகதிகள் வெள்ளம்’, ‘ஊடுருவல்’, ‘வந்தேறிகள்’ இவையும் அப்படித்தான். குடியேறியவர் என்று எழுத நமக்குச் சொல் இல்லாமலா போயிற்று?

காவல்துறையின் சொல்லை அப்படியே வாங்கிப் போடுவதும் ஆபத்து. 2000 முதல் 2006 வரை ஜெர்மனியின் பல நகரங்களில் ஒன்பது சிறு வணிகர்களும் தொழிலாளர்களும் ஒரே துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேர் துருக்கிய வம்சாவளி, ஒருவர் கிரேக்கர். போதைக் கடத்தல், மாஃபியா, குடும்பப் பகை என்று போலீஸ் செத்தவர்களின் வீட்டாரையே குடைந்தது. விசாரணைக் குழுவுக்கு வைத்த பெயர் ‘பொஸ்போரஸ்’, இஸ்தான்புல்லின் நீரிணையின் பெயர். பத்திரிகைகள், டோனர் என்ற துருக்கிய இறைச்சி உணவின் பெயரால், ‘டோனர் கொலைகள்’ என்று பட்டம் சூட்டின. சுட்டது ஒரு நவநாஜிக் குழு என்பது 2011 நவம்பரில்தான், அதுவும் ஒரு வங்கிக் கொள்ளைக்குப் பிறகு தற்செயலாக, வெளியே வந்தது. அந்த ஆண்டின் மிக மோசமான சொல்லாக ஜெர்மன் மொழி அறிஞர்கள் ‘டோனர் கொலைகள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கொல்லப்பட்டவர்களில் பூ விற்றவர் இருந்தார், காய்கறி விற்றவர் இருந்தார், தையல் வேலை செய்தவர், சாவி செய்து கொடுத்தவர், இன்டர்நெட் மையம் நடத்திய இளைஞர் என்று பலர் இருந்தார்கள். ஒன்பது பேரில் டோனர் கடையில் கொல்லப்பட்டவர்கள் இரண்டே பேர்.